ஃபிராக்டல் ஓவியம் வரையும் மகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

"பாடம் படிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டர்ல சுருள் சுருளா ஏதோ படம் பண்ணிட்டே இருக்கா. கேட்டா ஃபிராக்டல் ஆர்ட்டுங்கிறா. இதெல்லாம் நாளைக்குச் சோறு போடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் உள்ளே மேலும் மேலும் வடிவங்கள் விரிந்துகொண்டே போகும் உருவத்துக்குத்தான் ஃபிராக்டல் என்று பெயர். உங்கள் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். ஃபிராக்டல் ஓவியர் என்ற பெயரில் மாதச் சம்பள வேலை கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். படங்களை அச்சிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது மிகச் சிலருக்கே வாய்க்கும்.

அதற்காக இதை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் மகள் கை வைத்திருக்கும் இடத்தில் கணிதமும் நிரலாக்கமும் வண்ணமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. இந்த மூன்றில் எதில் அவள் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று கொஞ்ச நாள் கவனியுங்கள். அவளுக்கு எந்தப் படிப்பு ஒத்துவரும் என்பதற்கு எந்தத் திறனறித் தேர்வையும்விட அது நல்ல பதில் தரும். அப்படிக் கவனிக்க, அவள் செய்வது என்ன என்று உங்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் படங்களை அவள் கையால் வரைவதில்லை. ஒரு சின்னக் கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, வரும் விடையை வண்ணமாக மாற்றுகிறாள். இவற்றில் மிகப் புகழ்பெற்றது மாண்டல்பிராட் கணம். பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். கையில் இருக்கும் எண்ணை வர்க்கப்படுத்தி, நாம் தேர்ந்தெடுத்த ஓர் எண்ணைக் கூட்ட வேண்டும். வந்த விடையை மறுபடி வர்க்கப்படுத்தி அதே எண்ணைக் கூட்ட வேண்டும். கணக்கு அவ்வளவுதான். தேர்ந்தெடுத்த எண் 1 என்றால் 0, 1, 2, 5, 26 என்று கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே போகும். அதே எண் -1 என்றால் 0, -1, 0, -1 என்று ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். திரையின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு கலப்பெண்ணாக (கிடைத்திசையில் ஒன்று, மேல்கீழாக ஒன்று என இரண்டு பகுதி கொண்ட எண்) எடுத்துக்கொண்டு இதே சோதனையைச் செய்கிறார்கள். தப்பி ஓடாத புள்ளிக்குக் கறுப்பு. தப்பி ஓடும் புள்ளிக்கு, அது எத்தனையாவது சுற்றில் 2 என்ற எல்லையைத் தாண்டியது என்பதைப் பொறுத்து ஒரு நிறம்.

இதற்கு நெருங்கிய உறவான கணக்குகளைப் பற்றி காஸ்டன் ஜூலியா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1918-லேயே எழுதிவிட்டார். அதையெல்லாம் கண்ணால் பார்க்க அன்று கணினி இல்லை. 1980-இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்த பெனுவா மாண்டல்பிராட் கணினியில் ஓட்டிப் பார்த்தபோதுதான் அந்த வடிவத்தின் வளம் உலகத்துக்குத் தெரிந்தது. மேல்நிலை வகுப்பில் பிள்ளைகள் "கலப்பெண்ணால் என்ன பயன்?" என்று சலித்துக்கொள்கிறார்களே, அந்தக் கலப்பெண்ணைத்தான் உங்கள் மகள் தினமும் கையாண்டுகொண்டிருக்கிறாள்.

தொடங்குவதற்குப் பெரிய செலவு வேண்டாம். சாதாரண மடிக்கணினியே போதும். முதலில் எக்ஸ், ஏ, ஓ, எஸ் என்று நான்கு எழுத்தில் தேடினால் கிடைக்கும் 'கேயாஸ்' என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளட்டும். சுட்டியை ஓரிடத்தில் வைத்து அழுத்திப் பிடித்தால் படம் நிற்காமல் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கும். அசைபடமாக ஓடும் பாடங்களும் அதிலேயே இருக்கின்றன. புகையும் பட்டுத்துணியும் கலந்தாற்போல் வரும் படங்கள் பிடித்திருந்தால் அவை ஃபிளேம் என்ற வகை. ஸ்காட் டிரேவ்ஸ் 1992-இல் உருவாக்கிய முறை அது. அபோஃபிசிஸ், ஜேவைல்ட்ஃபயர் இரண்டும் அதற்கு இலவசமாகக் கிடைக்கின்றன. குகையும் கோபுரமுமாக முப்பரிமாணத்தில் வருபவற்றுக்கு மாண்டல்புல்பர் இருக்கிறது. அதற்கு மட்டும் கிராஃபிக்ஸ் கார்டு நன்றாக இருந்தால் நேரம் மிச்சமாகும். அடுக்கடுக்காக வைத்து வேலை செய்ய வசதியான அல்ட்ரா ஃபிராக்டலுக்குப் பணம் கட்ட வேண்டும். அதன் சோதனைப் பதிப்பே இப்போதைக்குப் போதும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் இறக்கி எதிலும் ஆழமாகப் போகாமல் இருப்பதைவிட, ஏதாவது ஒன்றோடு சில மாதம் இருப்பது நல்லது.

இந்த ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே அவளுக்கு வலியுறுத்துங்கள். படத்தைச் சேமிக்கும்போது, அந்தப் படத்தை உண்டாக்கிய பாராமீட்டர் கோப்பையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். எந்த இடம், எவ்வளவு உருப்பெருக்கம், எத்தனை சுற்று, எந்த வண்ணக்கோவை என்பதெல்லாம் அதில் இருக்கும். படம் மட்டும் இருந்தால் திரையில் பார்த்ததோடு சரி. ஏ3 தாளில் தெளிவாக அச்சிட வேண்டுமென்றால் 3508-க்கு 4961 பிக்சல் தேவை. கோப்பு இருந்தால் அந்த அளவில் புதிதாக ரெண்டர் செய்துகொள்ளலாம், அதாவது கணினியைக் கொண்டு மறுபடி கணக்கிட்டுப் படமாக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்த இடத்தை மறுபடி கண்டுபிடிப்பதே பெரும்பாடு. நாளைக்கு ஒரு கல்லூரியிலோ வேலையிலோ போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) கேட்டாலும், இது தானாக வந்த படமல்ல, யோசித்துச் செய்தது என்று காட்ட அந்தக் கோப்புகள்தான் சாட்சி.

இனி எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

மாண்டல்பிராட் படத்தில் 'கடற்குதிரைப் பள்ளத்தாக்கு' என்று ஓர் இடம் உண்டு. -0.75-க்குப் பக்கத்தில், சற்று மேலே. சுற்றின் உச்சவரம்பை 100 என்று வைத்துக்கொண்டு அங்கே ஆழமாக உள்ளே போனால், ஓரிடத்தில் கறுப்புத் திட்டுகளாக மொத்தையாகத் தெரியும். வரம்பை 1000 ஆக்கினால் அதே திட்டு நூல் நூலாகப் பிரிந்து சுருளுக்குள் சுருளாக விரியும். பலரும் ஆகா என்று பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். "முதலில் ஏன் கறுப்பாக இருந்தது?" என்று உங்கள் மகள் கேட்டால், கணிதம் அவளைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். கணிதம் அல்லது இயற்பியல் இளநிலைப் படிப்பை அவளுக்குத் தயங்காமல் சொல்லலாம்.

வேறு சிலர் இன்னொரு இடத்தில் நின்றுவிடுவார்கள். 800-க்கு 600 அளவுப் படத்தில் 4,80,000 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 1000 சுற்று என்றால் 48 கோடி முறை கணக்கிட வேண்டிவரும். பைத்தான் என்ற நிரல்மொழியில் சாதாரண லூப்பாக, ஒவ்வொரு புள்ளியாக எழுதி ஓட்டினால் காத்திருந்து காத்திருந்து பொறுமை போய்விடும். "இதை எப்படி வேகப்படுத்துவது?" என்று அவள் தேட ஆரம்பித்தால் எண்களை மொத்தமாகக் கணக்கிட உதவும் 'நம்பை' என்ற பைத்தான் தொகுப்பின் அணிகளுக்கு வருவாள். அங்கிருந்து கிராஃபிக்ஸ் கார்டில் நேரடியாக ஓடும் ஷேடர் நிரல்களுக்குப் போவாள். இன்னும் ஆழமாகப் போனால், பத்து லட்சம் கோடி மடங்கு உருப்பெருக்கத்தை ஒட்டி, படம் கட்டம் கட்டமாக உடையும். கணினி வழக்கமாக ஓர் எண்ணுக்குச் சுமார் 16 இலக்கம்தான் வைத்துக்கொள்கிறது என்பதே காரணம். இதை ஒரு பிள்ளை தானாகவே மோதித் தெரிந்துகொண்டால் அதற்கு விலை கிடையாது. கணினி அறிவியலில் கிராஃபிக்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு விளையாட்டு நிறுவனங்களிலும் சினிமாவுக்குக் காட்சி ஜாலங்கள் செய்யும் விஎஃப்எக்ஸ் கூடங்களிலும் தரவுகளைப் படமாக்கிக் காட்டும் பணிகளிலும் இடம் இருக்கிறது. டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் என்ற பதவியே இப்படி நிரலும் ஓவியமும் ஒருசேரத் தெரிந்தவர்களுக்காகத்தான்.

வண்ணத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவளாக இருந்தால் அதையும் குறைவாக நினைக்காதீர்கள். புதிதாக வருபவர்கள் எல்லா நிறத்தையும் ஒரே படத்தில் கொட்டிவிடுவார்கள். அவளை முதலில் கறுப்பு வெள்ளையில் மட்டும் செய்துபார்க்கச் சொல்லுங்கள். ஒளியும் நிழலும் சரியாக விழுந்த பிறகு இரண்டு மூன்று நிறம் சேர்த்தால் போதும். இந்தக் கண் உள்ளவர்களுக்கு வடிவமைப்பு, காட்சித் தொடர்பியல், அனிமேஷன் படிப்புகள் பொருந்தும். கூடவே பிளெண்டரோ ஹூடினியோ, ஏதாவது ஒரு முப்பரிமாண மென்பொருள் கற்றுக்கொள்ள வேண்டும்.

இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. லோரன் கார்ப்பெண்டர் என்பவர் போயிங் நிறுவனத்தில் கணினி வரைகலை வேலையில் இருந்தவர். மாண்டல்பிராட்டின் கருத்துகளைக் கொண்டு கணினியில் மலைகளை உருவாக்கி, இரண்டு நிமிடப் படமாக 1980-ஆம் ஆண்டு சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் காட்டினார். லூகாஸ் ஃபிலிம் என்ற திரைப்பட நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. பின்னால் பிக்சார் என்ற அனிமேஷன் நிறுவனத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். அவரை அங்கே கொண்டுபோனது அழகான சுருள்கள் அல்ல. மலையை எப்படிக் கணக்கால் கட்டுவது என்று அவருக்குத் தெரிந்திருந்ததுதான்.

"இப்போ ஏஐகிட்ட சொன்னா அதுவே வரைஞ்சு குடுத்துடுதே" என்று உங்கள் வீட்டிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்வதில் நியாயம் உண்டு. பார்க்க அழகான சுருள்களை மட்டும் செய்துகொண்டிருப்பதற்கு இனி மதிப்பு குறைவு. ஆனால் ஏஐ தந்த படத்தைப் பெரிதாக்கினால் பிக்சல்தான் மிஞ்சும், உள்ளே போக வழியிருக்காது. அதனால்தான் மென்பொருளோடு நின்றுவிடாமல், மாண்டல்பிராட் கணத்தைத் தன் கையாலேயே ஒரு நிரலாக எழுதச் சொல்கிறேன். பைத்தானில் முப்பது வரிக்குள் முடிந்துவிடும். நிரலாக்கமே புதிது என்றால், படம் வரைவதற்கென்றே உள்ள 'பிராசசிங்' என்ற நிரல் கருவியில் தொடங்கட்டும். எழுதியதும் உடனே திரையில் படமாக வந்துவிடும் என்பதால் ஆர்வம் வடியாது.

தேர்வு நெருங்கும் மாதங்களில் கணினி நேரத்தைக் குறைப்பதில் தவறில்லை. அறவே பிடுங்கிவிடாதீர்கள். ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கத் தேவையில்லை, ஓடவிட்டுவிட்டு எழுந்துபோய்ப் படிக்கலாம் என்று சொல்லுங்கள், அவளுக்கே அது புரியும்.

அடுத்த முறை நாம் பேசும்போது பாப்பாவையும் கூட உட்காரவையுங்கள். அவளுக்கே பிடித்த ஐந்து படங்கள், அவற்றின் பாராமீட்டர் கோப்புகள், எழுதியிருந்தால் அந்த நிரல், இவற்றை முன்கூட்டியே அனுப்பட்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, எதைச் சரிசெய்யத்தான் அதிக நேரம் ஆனது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற பேச்சை அதிலிருந்து தொடங்குவோம்.