வீ விழுந்த முற்றம்

கேள்வி: காலையில் ஒரு பூ, ஒரு பறவை என்று இயற்கையின் சின்னச் சின்ன அழகுகளை ரசித்தாலே மனசுக்கு மகிழ்ச்சி கிடைக்கும் என்கிறார்களே, என்னைப் போல் வேலைக்குப் போகிறவர்கள் இதற்காகத் தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: ‘ஒதுக்கலாம்’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். ரசத்தில் மிதக்கும் கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறோம். ஏரியைத் தூர்வாரப் பட்ஜெட்டில் கோடிகள் ஒதுக்குகிறார்கள். கறிவேப்பிலை யார் வயிற்றுக்கும் போவதில்லை. கோடிகளைப் பற்றி நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு பவழமல்லி இருக்கிறது. மரம் மதிலுக்கு உள்ளே, கிளைகளில் பாதி வெளியே. ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட் வாங்கப் போகும்போது அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இருட்டிய பிறகு மலர்ந்து விடியும்போது உதிர்கிற பூ. தார் ரோட்டில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். பாதி குப்புற விழுந்து, பவழ நிறக் காம்பை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அரை நிமிஷம் நிற்பேன். அதற்கு மேல் நின்றால் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் வேட்டியில் சொட்டும். எட்டு மணி வெயிலுக்குப் பூ சுருண்டுவிடும். கீழே விழுந்த பூ சாமிக்கு ஆகாது என்று சட்டம் பேசும் பாட்டிகள்கூட இதை மட்டும் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொள்வார்கள்.

எங்கள் அடுக்ககச் செயலாளரை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேப்பமரத்தைச் சுற்றி மூச்சுவிட இடமில்லாமல் சிமென்ட் பூசியவர். பவழமல்லிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘குப்பை’. காரின் மேல் விழுந்து கறையாகிறதாம், கிளையை வெட்ட வேண்டுமாம். அந்தக் காம்பில் சாயம் இருப்பது உண்மைதான். புத்த பிக்குகளின் ஆடைக்கு நிறமேற்ற அந்தக் காலத்தில் அதையும் காய்ச்சி எடுத்தார்கள். செயலாளரின் காருக்குக் காவி இலவசமாகக் கிடைத்திருக்கிறது. துறவுதான் இன்னும் ஒட்டவில்லை.

இதைவிடப் பெரிய அநியாயம் 1753இல் நடந்தது. ஸ்வீடனில் உட்கார்ந்துகொண்டு உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸ், இந்த மரத்துக்கு ‘ஆர்பார் டிரிஸ்டிஸ்’ என்று வைத்தார். லத்தீனில் துயர மரம் என்று அர்த்தம். பகலில் பூவில்லாமல் நிற்கிறதே, அதனால் சோகமாம். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிறவனைப் பார்த்துச் சோம்பேறி என்பது போல இருக்கிறது. மனிதர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வந்து ஒரு நாள் ஐந்தரை மணிக்குப் பால் வாங்கப் போயிருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்.

சரி, வேலைக்குப் போகிறவர் என்கிறீர்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் தலைவியும் தோழியும் வேலைக்குப் போனவர்கள்தான். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் வேலை. அனுப்பியது பெற்ற தாய், அதாவது மேலாளரை விடக் கண்டிப்பு. ஓட்ட வேண்டிய கிளிகளை ஓட்டிவிட்டு, அருவியில் குளித்து, 99 வகைப் பூக்களைப் பறித்து வந்து பாறையில் குவித்தார்கள். அந்தப் பட்டியலில் ‘சேடல்’ என்று ஒரு பூ. பவழக்கால் மல்லிகை என்று உரை சொல்கிறது. காலில் பவழம் போட்ட மல்லிகை! துயரமாவது ஒன்றாவது.

உதிர்ந்த பூவுக்கென்றே தமிழில் தனிச் சொல் இருக்கிறது: ‘வீ’. அரும்பு, முகை, மலர், அலர் என்று வளர்ந்துவந்து, விழுந்த பிறகு வீ. நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்துச் சொற்களில் அதுவும் ஒன்று. சில வருஷங்களுக்கு முன் இந்தப் பவழமல்லியைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதி, ‘வீ விழுந்த முற்றம்’ என்று தலைப்பு வைத்தேன். எங்கள் மெய்ப்புத் திருத்துநருக்கு ஓரெழுத்தில் ஒரு சொல் முடிவது பிடிக்காது. அச்சில் ‘வீடு விழுந்த முற்றம்’ என்று வந்தது. கட்டுரைக்குள்ளேயும் விடவில்லை. ‘விடியற்காலையில் வெள்ளை வெள்ளையாக வீடுகள் விழுந்து கிடந்தன, குனிந்து நாலைந்தைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்’ என்று என் பெயரிலேயே வந்தது. ஒரு வாசகர் உயிர்ச்சேதம் உண்டா என்று கேட்டு எழுதினார். இன்னொருவர், விழுந்த மனையை விற்கிற உத்தேசம் இருந்தால் முதலில் தனக்குச் சொல்லச் சொன்னார். என் மாமா ஒருவர் ஊரிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார். வந்தவரைச் சமாதானப்படுத்தி, மறுநாள் காலை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வீயை எடுத்து உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். “இதுக்காடா நான் ரிசர்வேஷன்கூட இல்லாம வந்தேன்?” என்றார்.

திருத்துநர் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறார், வேறு விதத்தில் நல்ல மனிதர். இந்தப் பதிலும் அவர் மேஜைக்குத்தான் போகிறது. எங்காவது வீடு விழுந்திருந்தால் நீங்களே பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டுமானால் அரை நிமிஷம் ஒதுக்குங்கள்.