விதைக்காத தொட்டியில் புளியாரை எங்கிருந்து வந்தது?

புளியாரை எங்கெல்லாம் வளரும், நான் விதைக்காமலே என் தொட்டிக்குள் எப்படி முளைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். தொட்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று யாரோ உங்களைக் குறை சொல்லியிருக்க வேண்டும். நானும் அந்தப் பேச்சைக் கேட்டவன். அதனால்தான் இந்தப் பதில்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நர்சரியில் ரோஜாச் செடி வாங்கினேன். ஒரே மாதத்தில் அதன் அடியில் புளியாரை படர்ந்தது. காம்புக்கு மூன்று சிற்றிலை, ஒவ்வொன்றும் இதய வடிவம், ஐந்து இதழ் மஞ்சள் பூ. மாலையானதும் இலைகளை மடித்துக்கொள்ளும். அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். ஒருநாள் முற்றிய காயைத் தொட்டபோது விதைகள் சடசடவென்று தெறித்து முகத்தில் அடித்தன. விதையின் மேலுறை சட்டென்று பிதுங்கிப் புரள்கிற விசை அது. அடுத்த மழைக்குள் பக்கத்தில் இருந்த பதினொரு தொட்டிகளிலும் புளியாரை!

பிடுங்கினேன், மறுபடி வந்தது. மீண்டும் பிடுங்கினேன். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு கையோடு வந்துவிடும், ஆணிவேர் உள்ளேயே தங்கிவிடும். படரும் தண்டோ கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும். தண்ணீர் ஊற்றி மண் இளகிய பின், காய் பிடிப்பதற்கு முன், வேரோடு எடுக்க வேண்டும். இதைக் கற்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

"அது மூலிகை; அதைக் களை என்று எழுதாதீர்கள்" என்று சிலர் வருவார்கள். மருந்தாகப் பயன்படுவதை நான் மறுக்கவில்லை. இலையின் புளிப்புக்குக் காரணம் ஆக்சாலிக் அமிலம் என்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் விலகியிருப்பது நல்லது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லட்டும். நான்கு இலை ஆரைக்கீரையின் படத்தைப் போட்டுப் புளியாரை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆரை நீரோரத்தில் வளர்கிற, பூக்காத பெரணி. இரண்டும் உறவே இல்லை.

எங்கே வளரும் என்றால், நடைபாதை விரிசல், புல்தரை, பசுமைக்குடில், தொட்டி என மனிதன் மண்ணைக் கிளறும் இடமெல்லாம் வளரும். புளியாரை சேர்ந்த ஆக்சாலிஸ் என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுச் செடிகளின் தொகுப்பில், 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஐரோப்பியக் காடுகளின் நிழலில் வெள்ளைப் பூவோடு வளர்வது ஒன்று. தென்னாப்பிரிக்காவிலிருந்து போய் மத்தியதரைக்கடல் நாடுகளில் மண்ணுக்கடியில் சிறு குமிழ்கள் விட்டுப் பரவுவது இன்னொன்று. நம் தொட்டிப் புளியாரை உலகம் சுற்றியதில் பெரும்பங்கு, அதன் விதைகளைச் சுமந்து போகும் நாற்றுத் தொட்டி மண்ணுக்குத்தான். இதை நர்சரிக்காரரிடம் சொன்னதற்கு, உங்கள் தண்ணீர் சரியில்லை என்றார். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஒரு தொட்டியில் மட்டும் புளியாரையை நானே விட்டுவைத்திருக்கிறேன். சின்னஞ்சிறு நீலப் பட்டாம்பூச்சி ஒன்றின் புழுவுக்கு இந்த இலைதான் உணவு. மற்றபடி, புதுச் செடி வாங்கினால் வீட்டுக்குள் வைக்கும் முன்பே மேல்மண்ணை இரண்டு அங்குலம் வழித்து எடுத்துவிடுங்கள்.