வாசகர் கேள்வி–பதில்: தேவருக்குப் பக்கத்தில் வீரன்

கே: பழைய கிரேக்கக் கலையில் ஹெராக்ளீஸும் அதீனாவும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். அவள் தேவி, அவன் மனிதப் பெண் பெற்ற பிள்ளை. உயரத்தில் வித்தியாசம் காட்டியிருக்க வேண்டாமா?

ப: காட்டத்தான் செய்தார்கள், ஆனால் தேவருக்கும் வீரனுக்கும் நடுவே அல்ல. கி.மு. 4ஆம் நூற்றாண்டு நேர்த்திக்கடன் சிற்பங்களைப் பாருங்கள். வீரன் கட்டிலில் சாய்ந்து பெரிதாக இருப்பான். பலி விலங்கோடு வரும் குடும்பத்தார் ஓரத்தில் பொடிப்பொடியாக நிற்பார்கள். இறந்த வீரனுக்கும் பலியும் வழிபாடும் இருந்ததால் அவன் வணங்கப்படுவோர் பக்கம் சேர்ந்துவிட்டான்.

ஆகவே தேவர் யாரென்று அறிய உயரத்தை விட்டுவிட்டு, யார் சிரமப்படுகிறார் என்று பாருங்கள். ஒலிம்பியாவில் தேவர்களின் அரசனான ஸீயஸின் கோயிலில் (கி.மு. 470–457 வாக்கில்) ஹெராக்ளீஸுக்கு இடப்பட்ட 12 கடினமான பணிகளைச் செதுக்கிய பலகைகள் இருந்தன, ஒவ்வொன்றும் சுமார் 1.6 மீட்டர் உயரம். ஒன்றில் அவன் வானத்தைச் சுமக்கிறான்: தோளில் மடித்த மெத்தை, இரண்டு கையும் மேலே. பின்னால் நிற்கும் அதீனாவோ ஒரே கையால் சாவகாசமாகத் தாங்குகிறாள். ஒரு வரி விளக்கம்கூடத் தேவைப்படாத சிற்பம் அது!

பார்த்தெனான் கோயிலின் கிழக்குச் சிற்பவரியில் வேறு உத்தி. தேவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அருகே கோலூன்றி நிற்பவர்களின் தலை ஏறக்குறைய அதே மட்டத்தில் இருக்கிறது. தேவர்கள் எழுந்தால் சுமார் 1 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிற்பவரியே போதாது. நிற்பவர்கள் ஏதென்ஸின் பத்து குலங்களுக்குப் பெயர் தந்த வீரர்கள் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

கே: சிறகு முளைத்த காலணியோடு ஓடுபவன் தேவர்களின் தூதன் ஹெர்மீஸா, வீரன் பெர்சியஸா?

ப: காலணியை வைத்து முடிவு கட்டாதீர்கள், இருவருக்கும் அது உண்டு. கையைப் பாருங்கள். உச்சியில் எட்டு வடிவ வளைவுள்ள கோல் என்றால் ஹெர்மீஸ். தோளில் பையும் கையில் வளைந்த அரிவாளும் என்றால் பெர்சியஸ். தன்னைப் பார்த்தவரைக் கல்லாக்கும் அரக்கி மெடூசாவை வெட்டும்போது பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான். தாடி உதவாது: பழைய குடுவைகளில் ஹெர்மீஸுக்கும் தாடி உண்டு. அருகே பெயர் எழுதியிருந்தால் நல்லது, ஆனால் சில வலமிருந்து இடமாக ஓடும். இன்னும் சில, ஓவியர் அழகுக்காகக் கிறுக்கிய பொருளற்ற எழுத்துகள்.

கே: வீரன் தேவரோடு மோதும் காட்சி உண்டா?

ப: உண்டு. டெல்ஃபியில் சிஃப்னோஸ் தீவினர் கட்டிய கருவூலத்தின் முக்கோண முகப்பில் (கி.மு. 525 வாக்கில்) ஹெராக்ளீஸும் அந்தத் தலத்தின் தேவனான அப்போலோவும் அவனுடைய புனித முக்காலிக்காக இழுபறி செய்கிறார்கள். நடுவில் நின்று விலக்குபவரை முன்பு அதீனா என்றார்கள். ஸீயஸ் என்பதே இன்று பெரும்பான்மைக் கருத்து. இதே சண்டை வரும் குடுவைகளில் பெரும்பாலும் ஹெராக்ளீஸுக்குத் துணையாக அதீனாவும் அப்போலோவுக்குத் துணையாக அவன் சகோதரி ஆர்டெமிஸும் பின்னால் நிற்பார்கள்.