பிராக்குப் பார்க்கும் பிள்ளை

கேள்வி: மகனுக்கு எட்டு வயது, தரம் 3. பத்துக் கணக்குச் செய்ய இரண்டு மணித்தியாலம் எடுக்கிறான். கோழி கொக்கரித்தாலும் எழும்பி ஓடுவான். கிளித்தட்டில் மறிக்க விட்டால் கோட்டை விட்டு ஓடிவிடுகிறான் என்று பெடியள் இப்போது சேர்ப்பதில்லை. ஆனால் போனைக் கொடுத்தால் அசையமாட்டான். இது வெறும் குழப்படிதானா?
– வாசகி, விசுவமடு

பதில்: போனை வைத்துக் கவனத்தை அளக்காதீர்கள். அதில் விநாடிக்கொரு புதினம் வருகிறது, கணக்குக் கொப்பியில் வராது. இப்படியான பிள்ளைக்கு, தான் செய்யவேண்டியது என்னவென்று தெரியும். செய்யவேண்டிய நேரத்தில்தான் அது கைக்கு வராது. காலையில் சொன்ன புத்திமதி பின்னேரம் உதவாததும் அதனால்தான்.

மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். வாசலும் கோழிக்கூடும் முதுகுக்குப் பின்னால் போகட்டும். மூன்று கணக்கு மட்டும் தெரிய, மிச்சத்தை வெள்ளைத்தாளால் மூடுங்கள். மணிக்கூட்டை முன்னால் வைத்துப் பத்து நிமிடம் வேலை, பிறகு மூன்று நிமிடம் பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றட்டும். அந்த இடைவேளையில் போன் கொடுத்தால் அன்றைய படிப்பு அவ்வளவுதான்.

குசினியில் நின்று கூப்பிட்டுச் சொல்வது போய்ச் சேராது. கிட்டப் போய், தோளைத் தொட்டு, ஒரு வேலை மட்டும் சொல்லி, அதை அவன் வாயால் திருப்பிச் சொல்லவிடுங்கள்.

ஒவ்வொரு மூன்று கணக்குக்கும் ஒரு புளியங்கொட்டை போத்தலுக்குள். நான்கு சேர்ந்தால் அன்றிரவே அவன் கேட்ட கதை. 'முதலாம் பிள்ளையாக வந்தால் சைக்கிள்' என்பது அவனுக்கு வெகு தூரம். குழப்படி செய்தானென்று சேர்ந்த கொட்டையைத் திருப்பி எடுக்கவேண்டாம். பிறகு போத்தலையே திரும்பிப் பார்க்கமாட்டான். இரண்டு மூன்று கிழமையில் கதை சலிக்கும், பரிசை மாற்றுங்கள்.

கிளித்தட்டு இப்போதைக்கு அவனுக்கு அதிகம். பொறுமையான ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டு, அரை மணித்தியாலம் தாயம் விளையாட விடுங்கள். சோகி (உருட்டும் சோழி) யார் கையிலோ அவருக்குத்தான் முறை, கண்ணால் பார்க்கலாம். காய் வெட்டுப்பட்டால் 'பரவாயில்லை, அடுத்தமுறை' என்று சொல்ல முன்கூட்டியே பழக்குங்கள். 'நல்ல பிள்ளை' என்பதைவிட 'சோகி வரும்வரை பொறுத்திருந்தாய்' என்பது அவனுக்கு விளங்கும். சண்டை தொடங்குமுன் ஆட்டத்தை முடித்துவிடுங்கள். நாலைந்து தரம் நன்றாகப் போனபின் இன்னொரு பிள்ளையைச் சேர்க்கலாம்.

வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் இப்படியே என்றால் வைத்தியரிடம் காட்டவேண்டும். முதலில் கண்ணும் காதும் சோதிக்கவேண்டும். பள்ளியில் நடக்கும் தரம் 4 மருத்துவப் பரிசோதனை வரட்டும் என்று இருக்கவேண்டாம். போகும்போது கொப்பிகளையும் வகுப்பாசிரியர் எழுதித் தரும் குறிப்பையும் கொண்டுபோங்கள். கதைத்துக்கொண்டிருக்கையில் சில விநாடி வெறித்துப் பார்த்து, தொட்டாலும் உணராவிட்டால் அது பிராக்கு இல்லை, ஒருவகை வலிப்பாக இருக்கலாம். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: சீனியை நிறுத்தினால் துடியாட்டம் அடங்குமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: அடங்காது. பல்லுக்காகக் குறையுங்கள். நித்திரையைக் கணக்குப் பாருங்கள்: 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணித்தியாலம் வேண்டும். புலமைப்பரிசில் படிப்பென்று இரவு பத்தரைக்குப் படுத்து, ஐந்தரைக்கு எழும்பும் பிள்ளைக்குக் கிடைப்பது ஏழுதான்.