பாய்மரப் படகு வாங்குமுன்: அது எங்கே நிற்கப் போகிறது?

கேள்வி: டல்லாசுக்கு வடக்கே பிரிஸ்கோவில் வசிக்கிறோம். நான், மனைவி, 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். 1984ஆம் ஆண்டுத் தயாரிப்பான கேட்டலினா 22 பாய்மரப் படகு ஒன்று, டிரெய்லரோடும் பழைய அவுட்போர்டு என்ஜினோடும் சேர்த்து 3,500 டாலருக்கு விளம்பரத்தில் வந்திருக்கிறது. படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கும் கனத்த தகடு, அதாவது கீல், ஏற்றி இறக்கக்கூடிய வகை. எங்களிடம் டொயோட்டா ஹைலாண்டர் இருக்கிறது. வீட்டு வாசலில் நிறுத்திவைத்து, சனிக்கிழமைதோறும் ஏரிக்கு இழுத்துப் போகலாம் என்று எண்ணம். மனைவிக்கு நீச்சல் தெரியாது. கவிழ்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறார். வாங்கலாமா?

பதில்: படகை வாங்கலாம். சனிக்கிழமைத் திட்டத்தைத்தான் கைவிட வேண்டும்.

டிரெய்லரில் ஏற்றக்கூடிய படகு என்றால் வாராவாரம் ஏற்றி இறக்கலாம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டலினா 22இன் பாய்மரம் ஏறத்தாழ 25 அடி நீளம். சாலையில் போகும்போது அது படகின் மேல் படுத்திருக்கும். ஏரிக்கரையில் அதை நிமிர்த்தி, சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை மாட்டி, முறுக்கிச் சரிபார்த்து, பாயின் அடியில் வரும் பூம் என்ற கம்பைப் பொருத்தி, பாய்களைக் கோத்து, சுக்கானை மாட்டிய பிறகுதான் படகைத் தண்ணீரில் இறக்க முடியும். பழகிய இருவருக்கே ஒரு மணி நேரம் ஆகும். புதியவர்களுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் களைத்து வந்த பிறகு அத்தனையையும் தலைகீழ் வரிசையில் செய்ய வேண்டும், அதுவும் ஜூலை மாத டெக்சாஸ் வெயிலில், பசியோடு இருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. இரண்டு மாதம் செய்வீர்கள். அதன்பின் படகு வாசலில் இலைச்சருகு சேர்த்துக்கொண்டு நிற்கும். குறைந்த விலைக்கு விளம்பரத்தில் வரும் படகுகளில் பாதி இப்படி நின்றுபோனவைதான் என்பது என் கணிப்பு.

வாசலில் நிற்கவும் விடுவார்களா என்று பாருங்கள். உங்கள் பகுதிக் குடியிருப்புகள் பலவற்றில் வீட்டு உரிமையாளர் சங்க விதிகள், தெருவிலிருந்து தெரியும்படி படகு நிறுத்தக் கூடாது என்கின்றன. விலை பேசுவதற்கு முன் அந்த விதிப்புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

நான் சொல்லும் வழி இது: ஏரியோரப் படகுத்துறைகளிலும் பாய்மரப் படகுச் சங்கங்களிலும், பாய்மரத்தை இறக்காமலே படகை டிரெய்லரில் நிறுத்திவைக்க மாத வாடகைக்கு இடம் தருவது உண்டு. உங்களுக்கு லூயிஸ்வில் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது; காற்றுக்குப் பெயர்போன ரே ஹப்பர்டு ஏரியும் தொலைவில்லை. நின்ற பாய்மரத்தோடு, படகு இறக்கும் சரிவு வரை இழுத்து இறக்கினால் அரை மணி நேரத்தில் பாய் விரித்துவிடலாம். தண்ணீரிலேயே கட்டிவைப்பது இன்னும் எளிதுதான். ஆனால் வாடகை கூடும், அடிப்பகுதிக்குப் பாசி தடுக்கும் பூச்சு தேவைப்படும், இரும்புக் கீல் இரவும் பகலும் துருப்பிடிக்கும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கரையில் நிறுத்துவதே போதும். அப்படியானால் டிரெய்லர் எதற்கு என்பீர்கள். பழுது பார்க்க, வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது வேறு ஏரிக்கு மாற, ஆண்டுக்கு ஒருமுறை டெக்சோமா ஏரிக்கோ கார்பஸ் கிறிஸ்டி கடலுக்கோ போய்வர.

இல்லை, வீட்டிலிருந்துதான் இழுத்துப் போவேன் என்றால் வேறு படகைத் தேடுங்கள். பிளையிங் ஸ்காட் என்ற 19 அடிப் படகு 1957ஆம் ஆண்டு வடிவமைப்பு. 850 பவுண்டு எடை. நால்வர் தாராளமாக உட்காரலாம். பாய்மரத்தை நிமிர்த்துவது எவ்வளவோ எளிது. ஆனால் அதற்கு அடியில் கனமான கீல் கிடையாது. அஜாக்கிரதையாக இருந்தால் கவிழும்; உங்கள் மனைவியின் அச்சத்துக்கு அது பொருந்தாது.

கேட்டலினாவுக்கு வருவோம். பிராங்க் பட்லர் வடிவமைத்து 1969இல் வெளிவந்த படகு இது. 15,000க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது, எதைக் கேட்டாலும் பதில் சொல்லக்கூடிய உரிமையாளர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். நாற்பது வயதுப் படகுக்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

அதன் பலமும் பலவீனமும் கீலில்தான் இருக்கின்றன. 550 பவுண்டு வார்ப்பிரும்புத் தகடு. முழுதும் இறக்கினால் 5 அடி ஆழம் வரை போகும். ஏற்றினால் 2 அடித் தண்ணீரே போதும். அணைகட்டி உண்டான டெக்சாஸ் ஏரிகளில் நீர்மட்டம் ஏறி இறங்கும், மூழ்கிய மரக்கட்டைகளும் உண்டு. எனவே இந்த வசதி பெரிது. ஆனால் அவ்வளவு எடையும் முன்புறம் ஒரே ஒரு அச்சாணியில் தொங்குகிறது, பின்புறம் ஒரு கம்பிவடம் அதை ஏற்றி இறக்குகிறது. அச்சாணியும் அது நுழையும் துளையும் நாளடைவில் தேயும். டிரெய்லரில் இருக்கும்போதே கீலின் கீழ்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு இயல்பு. கடகடவென்று ஆடினால் அச்சாணியை மாற்ற வேண்டும். துளையும் தேய்ந்திருந்தால் அதற்கு உள்குழல் போட வேண்டும். அச்சாணியைத் தாங்கும் பிடிப்புகள் படகின் அடியில் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். அந்த இடத்தில் கண்ணாடியிழையில் வெடிப்பு தெரிந்தால், விலை எதுவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பிறகு படகுக்குள் நுழைந்து, படிக்கட்டை எடுத்துவிட்டு, கீலின் கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சைப் பாருங்கள். கம்பிவடத்தில் இழை பிரிந்திருந்தால் உடனே மாற்றவேண்டியதுதான். வடம் உள்ளே வரும் இடத்தில் ஒரு ரப்பர்க்குழாய் இருக்கும். அது நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், வெடித்தால் ஏரி உள்ளே வரும். வடமும் குழாயும் விலை மலிவு. அவற்றைப் பல ஆண்டுகள் மாற்றாமல் விட்டவரின் படகில் மற்றவையும் அப்படித்தான் இருக்கும். படகு வேகமெடுக்கும்போது அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டால் பயப்பட வேண்டாம். வடம் நீரோட்டத்தில் அதிரும் சத்தம் அது.

மேல்தளம் இரண்டு கண்ணாடியிழை அடுக்குகளுக்கு நடுவே மரம் வைத்துக் கட்டப்பட்டது. ஆணி, திருகு அடித்த இடங்களின் வழியே மழைநீர் இறங்கினால் உள்ளே மரம் இற்றுவிடும். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல் சிறு சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக்’ என்று கேட்டால் நலம், ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்டால் இற்றிருக்கிறது. பாய்மரத்தின் அடியிலும் பக்கக் கம்பிகள் மேல்தளத்தில் இறங்கும் இடங்களிலும் மந்தமாகக் கேட்டால் அது பெரிய வேலை. வேறு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு என்றால் பேரம் பேசக் கிடைத்த காரணம். கம்பிகளை எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். 10–15 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் உங்கள் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஒரு கம்பி அறுந்தால் பாய்மரமே சாயும்.

டிரெய்லரைப் பலர் பார்ப்பதே இல்லை, நெடுஞ்சாலையில் நின்றுபோவதோ பெரும்பாலும் அதனால்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரத் தயாரிப்பு. பட்டன்கள் புதிதுபோல் இருந்தாலும் ஏழெட்டு வருடம் ஆன டயரை நம்பாதீர்கள். சக்கர பேரிங்குகள் ஒவ்வொரு முறையும் தண்ணீரில் முங்குகின்றன. வீட்டுக்கு இழுத்து வருமுன் கழற்றி கிரீஸ் போட்டுவிடுங்கள். சரிவு சாய்வு குறைவாக இருக்கும் இடங்களில் படகு மிதக்கும் முன்பே காரின் பின்சக்கரம் நனைந்துவிடும். அதற்காகவே டிரெய்லரின் முன்கம்பியை நீட்டிக்கொள்ளும் வசதி வைத்திருப்பார்கள். இதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கார் விஷயம். படகு 2,250 பவுண்டு, டிரெய்லர் ஏறக்குறைய ஆயிரம், என்ஜின், நங்கூரம், குளிர்பெட்டி எல்லாம் சேர்ந்தால் 3,500 பவுண்டைத் தொடும். உங்கள் ஹைலாண்டர் இழுவைத் திறன் 5,000 பவுண்டு உள்ள வகை என்றால் கவலையில்லை. ஹைப்ரிட் என்றால் 3,500தான் வரம்பு, அதாவது விளிம்பில் நிற்கிறீர்கள். பக்கத்து ஏரிக்கு மெதுவாகப் போகலாம், கார்பஸ் கிறிஸ்டியை மறந்துவிடுங்கள்.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. என்னைக் கேட்டால் அதுதான் உங்கள் கடிதத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். கீல் முழுதும் இறங்கியிருக்கும்போது, படகு சாயச்சாய 550 பவுண்டு இரும்பு அதை நிமிர்த்தப் பார்க்கும். சாய்ந்த பாயில் காற்றின் பிடியும் குறையும். எனவே சாதாரணக் காற்றில் சாயுமே தவிர எளிதில் கவிழாது. ஆனால் கீலை ஏற்றிவைத்துக்கொண்டு பாய் விரித்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. முழுதும் இறக்கி, கீலை நகராமல் பிடிக்கும் பூட்டுபோல்ட்டை முடுக்கிய பிறகே பாயைத் தொடுங்கள். காற்று வலுக்கும் அறிகுறி தெரிந்த உடனே பாயைப் பாதியாகச் சுருக்குங்கள். வசந்த காலத்தில் வடக்கு டெக்சாசில் இடியோடு வரும் திடீர்க் காற்று எச்சரிக்கை கொடுத்துக்கொண்டு வராது. வானிலை அறிக்கையில் இடி என்று இருந்தால் அன்று கரையிலேயே இருங்கள். உட்காரும் இடத்துக்குப் பக்கத்துப் பெட்டி மூடிகளைத் தாழிட்டு வையுங்கள். படகு படுத்தால் அவை வழியேதான் தண்ணீர் புகும்.

தேடும்போது மெக்கிரகர் 26 என்ற படகும் கண்ணில் படும். அடித்தொட்டியில் தண்ணீர் நிரப்பி எடை கூட்டும் வகை. தண்ணீரை வடித்துவிட்டால் இழுக்க லேசு. 2002இல் ஷாம்ப்ளைன் ஏரியில் இந்த வகைப் படகு ஒன்று தொட்டி காலியாக இருக்க, ஆட்கள் அதிகம் ஏறியதால் கவிழ்ந்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். வாங்கினால் தொட்டி நிரம்பியதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். திரும்பும்போது வடிக்கவும் வேண்டும்: 2009இல் டெக்சோமாவில் தென்பட்ட வரிச்சிப்பிகள் (zebra mussels) படகில் தங்கும் தண்ணீரோடு ஏரிக்கு ஏரி பரவியதால், ஏரியை விட்டுப் போகும் எந்தப் படகிலும் தண்ணீர் தங்கக் கூடாது என்பது இப்போது டெக்சாஸ் சட்டம்.

13 வயதுக்குட்பட்ட உங்கள் பிள்ளைகள் இருவரும் படகு நகரும்போது லைஃப் ஜாக்கெட் அணிந்திருப்பது சட்டப்படி கட்டாயம். மனைவிக்குக் கட்டாயம் இல்லை. நீங்கள் போட்டுக்கொண்டால் அவரும் போட்டுக்கொள்வார். தூக்கி எறியும் மிதவை ஒன்றும் வேண்டும்.

சரிவுக்கும் நிறுத்துமிடத்துக்கும் நடுவே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்க்காமல் பாய்மரத்தை நிமிர்த்தாதீர்கள். அலுமினியக் கம்பம் அது. படகில் மூழ்குவதை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இதை நினைப்பதில்லை.

டெக்சாசில் படகுக்கு ஓர் உரிமைப் பத்திரம், அவுட்போர்டு என்ஜினுக்குத் தனியாக இன்னொன்று. இரண்டும் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையில். டிரெய்லர் பதிவு கவுண்டி வரி அலுவலகத்தில். மூன்றின் எண்களையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். “என்ஜின் பத்திரம் எங்கோ இருக்கிறது, பிறகு அனுப்புகிறேன்” என்றால், அனுப்பட்டும், பிறகு வாங்கலாம்.

3,500 டாலர் சரியா? பாய்கள் மொடமொடப்போடு இருந்து, என்ஜின் உங்கள் முன்னால் குளிர்ந்த நிலையிலிருந்து கிளம்பி, மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் கொடுக்கலாம். புதிய பாய் ஜோடி 1,500 டாலரைத் தாண்டும், புதிய சிறு என்ஜினும் அப்படியே. இரண்டுமே போய்விட்டிருந்தால் அந்தப் படகுக்கு 1,000 டாலருக்கு மேல் பேச மாட்டேன். எப்படியும் இன்னொரு 1,500 டாலரை ஒதுக்கி வையுங்கள்: டயர், பேரிங், கீல் வடம், ஜாக்கெட்டுகள், காப்பீடு. அதற்கு முன், ஒரு மாலைப்பொழுது பாய்மரச் சங்கப் பந்தயத்துக்குப் போய் ஆள் குறைந்த படகில் ஏறிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். முடிந்தால் மனைவியையும் அழைத்துப் போங்கள். சாய்ந்த படகில் அவர் எப்படி உணர்கிறார் என்று தெரிந்த பிறகு விற்பவரைத் தொலைபேசியில் அழைக்கலாம்.