தாய்மாமன் போனை எடுக்கவில்லை

கேள்வி: என் அக்கா 39 வயதில் புற்றுநோயில் இறந்துவிட்டார். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. அடக்கத்துக்கு வந்த ஓர் ஊழியர், ‘மறைவான பாவம் ஏதாவது இருந்திருக்கும்’ என்றார். கடவுள் இருந்தால் இப்படி நடக்குமா? ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அக்கா மகள் அடிக்கடி போன் செய்கிறாள். அக்காவின் அதே குரல் என்பதால் எடுக்க முடியவில்லை. என் விசுவாசம் திரும்புமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி

பதில்: நீளமான கடிதம். அக்கா மகளுக்கு அதில் ஒரே வரி. அவள் பெயர் என்ன, என்ன படிக்கிறாள், ஒன்றும் இல்லை. எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

முதலில் அந்த ஊழியர். பிறவிக் குருடனைக் காட்டி, ‘யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா?’ என்று சீஷர்கள் கேட்டார்கள். இருவரும் இல்லை என்று இயேசு சொன்னது யோவான் 9-ம் அதிகாரத்தில் இருக்கிறது. சாவு வீட்டில் பாவக்கணக்குப் பார்க்கிறவர் பேச்சைத் தூக்கிப் போடுங்கள்.

கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பைபிளின் யோபு புத்தகத்திலும் இல்லை. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த மனிதர் ‘ஏன், ஏன்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடைசியில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். காரணம் மட்டும் சொல்வதில்லை. ஆனால் அவர் கோபப்பட்டது யார்மேல்? கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய, யோபுவின் நண்பன் எலிப்பாஸ்மேலும் கூட வந்த இரண்டு பேர்மேலும். சண்டை போட்ட யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். அதனால் உங்கள் கோபத்தில் நான் குறை காணவில்லை. கடவுளிடமே ‘ஏன்’ என்று நன்றாகக் கேளுங்கள்.

அந்த நண்பர்களும் ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்தார்கள். ஏழு நாள், இரவும் பகலும், வாய் திறக்காமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் அதைக்கூடச் செய்யவில்லையே!

கடவுள் பதில் பேசவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். தாயில்லாப் பிள்ளை கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள். அது அக்காவின் குரல் என்கிறீர்களே, உங்கள் குரலில் அவளுக்கும் அம்மாவின் சாயல் கேட்கிறதோ என்னவோ! நீங்கள் அவளுக்குத் தாய்மாமன் ஐயா. மடியில் உட்கார வைத்துக் காது குத்தவும், சீர் கொண்டு போகவும் மட்டுமா அந்த உறவு?

‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கதறிய இயேசு, அதே சிலுவையில் தொங்கிக்கொண்டே தன் அன்புச் சீஷனிடம் ‘அதோ, உன் தாய்’ என்று மரியாளை ஒப்படைத்தார். கேள்விக்குப் பதில் வரட்டும், அப்புறம் வீட்டுக் கடமையைப் பார்க்கலாம் என்று அவர் இருக்கவில்லை. நீங்கள் மட்டும் எப்படி இருக்கலாம்?

விசுவாசம் திரும்புமா என்பது இப்போது கிடக்கட்டும். இன்று சாயங்காலம் நீங்களே அவளைக் கூப்பிடுங்கள். வசனம் வேண்டாம், தைரியம் சொல்லவும் வேண்டாம். அழுகை வந்தால் இரண்டு பேரும் அழுங்கள். ஞாயிற்றுக்கிழமை அத்தான் வீட்டுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ‘இயேசப்பா ஏன் மாமா இப்படிச் செஞ்சாரு?’ என்று அவள் கேட்டால், ‘எனக்கும் தெரியலம்மா, நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள்.