அழுத்தம் மாறாதபோதும் சிவி ஏன்? – கேள்வி பதில்

கேள்வி: சார், நான் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. பிஸ்டன் வைத்த சிலிண்டரில் அழுத்தம் மாறாமல் காற்றைச் சூடாக்கும் கணக்கு. பருமன் கூடிக்கொண்டே போகிறது. ஆனாலும் அக ஆற்றல் (வாயுவுக்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல்) மாற்றத்துக்கு சிவியால்தான் (Cv: பருமன் மாறாமல் ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) பெருக்குகிறார்கள். சிபி (Cp: அழுத்தம் மாறாமல் சூடாக்கத் தேவையான அதே அளவு) அல்லவா வர வேண்டும்?

பதில்: கேட்டே தீர வேண்டிய கேள்வி இது. நல்லியல்பு வாயுவின் (மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு இல்லை என்று கொள்ளும் எளிய மாதிரி வாயு) அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. எந்த வழியாகச் சூடானது என்பதற்கு அதில் இடமே இல்லை.

ஒரு கிலோ காற்றை 300 கெல்வினிலிருந்து 400-க்குக் கொண்டுபோவோம். இறுக மூடிய கலன் என்றால் 71.8 கிலோஜூல் வெப்பம் போதும். அத்தனையும் அக ஆற்றலாகச் சேரும். பிஸ்டனை நகரவிட்டு, அழுத்தம் மாறாமல் சூடாக்கினால் 100.5 கிலோஜூல் தேவை. அதில் 28.7 பிஸ்டனைத் தள்ளும் வேலைக்குப் போய்விடுகிறது. கழித்துப் பாருங்கள், மிச்சம் அதே 71.8!

பருமன் மாறாதபோது வேலை நடக்காது, கொடுத்த வெப்பமே அக ஆற்றல். சிவியை அளக்க அது நேர்வழி, அதனால் அந்தப் பெயர். பெயரில் இருக்கும் நிபந்தனையைச் சூத்திரத்தின் மேல் ஏற்றிவிடாதீர்கள். பல மாணவர்கள் சறுக்குவது இங்கேதான்.

கேள்வி: வெப்பநிலை மட்டும்தான் என்று எப்படி நம்புவது? சோதனை உண்டா?

பதில்: உண்டு. 1845-இல் ஆங்கில இயற்பியலாளர் ஜூல் இரண்டு செம்புக் கலன்களைக் குழாயால் இணைத்துத் தண்ணீரில் வைத்தார். ஒன்றில் சுமார் 22 வளிமண்டல அழுத்தத்தில் காற்று, மற்றதில் வெற்றிடம். வால்வைத் திறந்தார், காற்று பரவியது. தண்ணீரின் வெப்பநிலை மாறவில்லை. வெப்பமும் இல்லை, வேலையும் இல்லை. எனவே பருமன் கூடியும் அக ஆற்றல் அப்படியே இருக்கிறது. மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு இல்லை என்று கொண்டால், அவை விலகினால் என்ன, நெருங்கினால் என்ன?

ஆனால் அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் சின்ன மாற்றம் இருந்தாலும் தெரியாது. அப்புறம் 1852-இல் ஜூல், தாம்சனுடன் (பின்னாளில் கெல்வின் பிரபு) சேர்ந்து, நுண்துளை அடைப்பு வழியே வாயுவைச் செலுத்திப் பார்த்தபோது காற்று லேசாகக் குளிர்ந்தது. நிஜக் காற்று முழு நல்லியல்பு வாயு அல்ல.

கேள்வி: என்தால்பியில் அக ஆற்றலோடு அழுத்தம் × பருமன் சேர்ந்திருக்கிறதே. அப்படியானால் அது அழுத்தத்தைப் பொறுத்ததுதானே?

பதில்: நல்லியல்பு வாயுவில் ஒரு கிலோவுக்கு அந்தப் பெருக்கல் ஆர் (R, வாயு மாறிலி) × வெப்பநிலைக்குச் சமம். ஆகவே என்தால்பிக்கும் வெப்பநிலை மட்டுமே போதும். சிபி கழித்தல் சிவி சமம் ஆர் என்ற மேயர் தொடர்பு இதிலிருந்தே வருகிறது.

கேள்வி: நல்லியல்பு வாயு என்றாலே சிவி மாறிலிதானே?

பதில்: இல்லை. வெப்பநிலையோடு அது கூடலாம். காற்றின் சிபி 300 கெல்வினில் 1.005 கிலோஜூல், 1000 கெல்வினில் சுமார் 1.14; சிவியும் அதற்கேற்பக் கூடும். கேஸ் டர்பைன் கணக்கில் இதை விட்டால் விடை தவறும்.

கேள்வி: வெற்றிடத் தொட்டியில் வெளிக்காற்றை நிரப்பினால் சூடாகுமாமே? வெற்றிடத்தில் பரவினால் வெப்பநிலை மாறாது என்றீர்களே சார்!

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஜூலின் சோதனையில் காற்றைப் பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை. இங்கே வெளிக்காற்று தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளும் வேலையையும் சேர்த்துத்தான் காற்று உள்ளே வருகிறது. வரும்போது என்தால்பி, நின்ற பிறகு அக ஆற்றல். எனவே சிவி × முடிவு வெப்பநிலை = சிபி × தொடக்க வெப்பநிலை. 300 கெல்வின் காற்று 1.4 மடங்காகி 420 கெல்வின், அதாவது 147 டிகிரி செல்சியஸ் ஆகும். தொட்டிச் சுவர் வெப்பத்தை உறிஞ்சாதவரை இதுதான் விடை.

கேள்வி: நான் ஏசி வேலை பார்க்கிறேன் ஐயா. கேஸ் சிலிண்டரைத் திறந்துவிட்டால் பனி படிகிறதே, அது ஏன்?

பதில்: அங்கே உள்ளே இருப்பது திரவம், தம்பி. அது கொதித்து ஆவியாக, ஆவியாதல் வெப்பத்தை சிலிண்டரிடமிருந்தே எடுக்கிறது. நல்லியல்பு வாயுச் சூத்திரம் அங்கே செல்லாது. வாயுக்கள் எல்லாமே அழுத்தம் குறைந்தால் குளிரும் என்றும் எண்ண வேண்டாம். சுமார் 200 கெல்வினுக்கு மேல் இருக்கும் ஹைட்ரஜனைக் குறுகிய வால்வு வழியே விட்டால் அது சூடாகும்.